குண்டசாலைக்கு யார் பொறுப்பு?

போகம்பறைச் சிறைச்சாலை 1876இல் கட்டப்பட்டது. தலதா மாளிகைக்கு வரும் யாத்திரிகர் எல்லாம் கடந்துபோகும் இடத்தில், கண்டி நகரின் நடு நெஞ்சில், நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. உலக மரபுரிமை நகருக்குள் சிறை வேண்டாம் என்று ஒருவழியாக முடிவானபோது, 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். அஸ்கிரிய மைதானம் சர்வதேசக் கிரிக்கெட்டுக்குப் போதாது என்றானபோது புது மைதானத்துக்கு இடம் கிடைத்தது பல்லேகலையில். மத்திய மாகாண சபைக்குக் கட்டடத் தொகுதி வேண்டுமென்றாலும் பல்லேகலை, முதலீட்டுச் சபை கைத்தொழில் பூங்கா திறக்க வேண்டுமென்றாலும் பல்லேகலை. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக ஊர்கள் தண்ணீருக்குள் போனபோது, இடம்பெயர்ந்தவர்களுக்காகக் கட்டிய புதுநகரங்களில் ஒன்று திகன.

இவை எல்லாம் ஒரே நிருவாகப் பிரிவுக்குள் வருகின்றன. அதன் பெயர் குண்டசாலை. கண்டிக்குக் கிழக்கே, மகாவலியைத் தாண்டியதும் தொடங்கும் பிரதேச செயலகப் பிரிவு. கண்டி மாவட்டத்தில் இப்படி இருபது பிரிவுகள் உண்டு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே குண்டசாலையின் மக்கள்தொகை ஒன்றேகால் இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் இந்த ஒன்றேகால் இலட்சம் பேருக்கான உள்ளூராட்சி அமைப்பு இன்றும் பிரதேச சபைதான். கிராமங்களை மனதில் வைத்து 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கிய அதே பிரதேச சபை.

கண்டி தன் வீட்டில் வைக்க இடமில்லாததை எல்லாம் அரை நூற்றாண்டாகக் கொண்டுவந்து இறக்கிவைத்த கொல்லைப்புறம் குண்டசாலை. இறக்கிவைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நகரங்கள் அப்படித்தான் வளரும். கொண்டுவந்து வைத்த ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எசமான் கொழும்பிலும் கண்டியிலும் இருக்க, அந்த மண்ணில் குடியிருப்பவருக்கு அதில் எதைப் பற்றியும் கேள்வி கேட்க ஒரு வாசல் இல்லாமல் போனதுதான் என் முறைப்பாடு.

முதலில் நில அமைப்பு. மகாவலி கண்டி நகரை நேராகக் கடந்து போவதில்லை. பேராதனையில் மேற்குப் பக்கமாக வந்து, கட்டுகஸ்தோட்டையில் வடக்கே சுற்றி, பொல்கொல்ல, லேவெல்ல வழியாக மறுபடி கிழக்கே இறங்குகிறது. ஆற்றின் இந்த வளைவும் ஹந்தான, உடவத்தைக்கெலே குன்றுகளும் சேர்ந்து கண்டியைச் சிறைப்படுத்தி வைத்திருக்கின்றன. அந்நியப் படைகளிடமிருந்து அரசர்களைக் காத்த அமைப்பு இது. அதுவே இன்று வாகன நெரிசலுக்குக் காரணம். காலை ஏழரை மணிக்கு தென்னகும்புரப் பாலத்துக்கு இக்கரையில் நின்று பார்த்தால் விளங்கும். திகனவிலிருந்தும் மெனிக்ஹின்னவிலிருந்தும் வரும் பஸ்கள், பாடசாலை வான்கள், முச்சக்கர வண்டிகள், மணல் லொறிகள் எல்லாம் அந்த ஒரு பாலத்தில் முட்டி நிற்கும். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதி இது. பிந்திப் போனால் சம்பளத்தில் வெட்டு விழும் என்று தெரிந்தும் இறங்கி நடக்க முடியாது. நடந்தால் அதைவிடப் பிந்தும்.

பாலத்தைக் கடந்தால் தும்பறைப் பள்ளத்தாக்கு. வடகிழக்கில் நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. சிங்களத்தில் தும்பறை மலை என்றே அதற்குப் பெயர். மேற்கிலும் மழைக்கு மலைகள் குறுக்கே நிற்பதால், கண்டி நகரில் கொட்டும் மழை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் கிழக்கே வருவதற்குள் இளைத்துவிடுகிறது. விவசாயத் திணைக்களத்தார் இதை இடைவலயம் என்பார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் நுவரெலியா நனைந்துகொண்டிருக்கும்போது திகனவில் புல் காயும். உயரமும் அதிகமில்லை. விக்டோரியா நீர்த்தேக்கம் நிறையும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். அதற்குக் கொஞ்சம் மேலேதான் பள்ளத்தாக்கின் வயல்கள். தேயிலைக்குச் சூடு அதிகம், தென்னைக்குப் பரவாயில்லை, கொக்கோவுக்குச் சரியான இடம், புகையிலைக்கு மிக நல்ல இடம். ‘மலையகம்’ என்றதும் தேயிலை மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை குண்டசாலைக்கு வந்துபோக வேண்டும்.

இந்தச் சூடும் வெளியும் முதலில் பிடித்துப்போனது ஓர் அரசனுக்கு. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், ஆற்றோரத்தில் மாளிகை கட்டிக்கொண்டு பெரும்பாலும் இங்கேயே இருந்தான். சிங்கள மக்கள் அவனை ‘குண்டசாலை ராஜா’ என்றே இன்றும் சொல்கிறார்கள். அவன் தகப்பனைப் போலவே மதுரையிலிருந்து பெண்ணெடுத்தவன். பட்டத்து ராணிகளுக்குப் பிள்ளை இல்லை. சிங்களப் பெண் ஒருத்தியிடம் பிறந்த உனம்புவே பண்டார என்ற மகன் இருந்தும், அரச குலத்துத் தாய் வயிற்றில் பிறக்காததால் முடி அவனுக்குப் போகவில்லை. ராணியின் சகோதரன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் 1739இல் அரியணை ஏறினான். கண்டி நாயக்கர் வம்சம் அப்படித் தொடங்கியது. இலங்கை வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று நகர அரண்மனையில் நடக்கவில்லை, இந்த ஆற்றங்கரையில் நடந்த குடும்ப விவகாரத்தின் விளைவு என்று சொன்னால் மிகையாகாது.

நாயக்கர்களின் கைத்தடம் இன்னும் நிற்கும் இடம் நத்தரம்பொத்தவில் உள்ள கல்மடுவ விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) தொடங்கிய கட்டடம். பௌத்த விகாரை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகும் தமிழருக்கு முதல் பார்வையிலேயே தடுமாற்றம் வரும். கண்டிப் பாணியின் ஓட்டுக்கூரையும் மர உத்தரமும் இங்கே இல்லை. கருங்கல் சுவர், நாலாபுறமும் வளைவு வாசல்களோடு ஒரு சுற்று நடை, நடுவே அடுக்கடுக்காகக் குறுகி மேலேறும் கூம்பு. நம் ஊர்க் கோபுரத்தில் சிற்பங்களை எல்லாம் உதிர்த்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சுற்று நடை வளைவுகளைப் பார்க்கும் சிலருக்குக் கிறிஸ்தவத் தேவாலயம் நினைவுக்கு வருவதும் உண்டு. கட்டடம் முடிக்கப்படவே இல்லை. அரசனின் கவனம் அருகே தெகல்தொருவ குகை விகாரைக்குப் போனதால் இது பாதியில் நின்றது என்பார்கள். தெகல்தொருவவுக்குப் போனால் அந்தக் கவனம் எங்கே போனது என்று தெரியும்: தேவரகம்பொல சில்வத்தென்ன என்ற ஓவியர் சுவர் முழுக்கத் தீட்டிய ஜாதகக் கதைகள், சிவப்புத் தரையில் வரிசை வரிசையாக. சுற்றுலாப் பயணிகள் அங்கேதான் போகிறார்கள். கல்மடுவவுக்கு வருவோர் குறைவு. எனக்கு இரண்டில் பிடித்தது முடியாமல் நிற்கும் இதுதான். இரண்டு நாட்டுக் கொத்தனார்களும் ஒரே சாரத்தில் நின்று, எந்த முறையில் கட்டுவது என்று முடிவெடுக்காமலே கல்லடுக்கியதுபோல ஒரு சுதந்திரம் அதில் தெரிகிறது.

அந்த வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் தப்பியோடியது இந்தப் பள்ளத்தாக்கின் வழியேதான். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, கிழக்கே மெதமகாநுவரவுக்கு அருகில் பிடிபட்டான். அடுத்த மாதம் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். அவனும் உறவினரும் வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். ஒப்பந்தம் எழுதி மூன்று ஆண்டுக்குள் கலகம் வெடித்தபோது தும்பறையும் அதில் இருந்தது. கலகத் தலைவர் கெப்பெட்டிபொலவோடு 1818 நவம்பர் 26ஆம் திகதி போகம்பறையில் தலை வெட்டப்பட்ட மடுகல்லே, தும்பறைக்காரர்.

பிறகு வந்தது கோப்பி. 1837இல் இலங்கைக்கு வந்த றொபர்ட் போய்ட் டைட்லர், ஜமேக்காவில் தோட்ட வேலை கற்றவர். அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த மேற்கிந்தியத் தோட்ட முறையை இங்கே நட்டவர் என்று துரைமார் வரலாறு அவரைப் புகழ்கிறது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த காலம். அந்த இடத்தை நிரப்ப வந்தவர்கள் தென்னிந்தியாவின் பஞ்சப்பட்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்த நம் முன்னோர். ரஜவெல்ல, பல்லேகலைத் தோட்டங்களில் கோப்பி, 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயில் அது செத்ததும் கொக்கோ. உலகத்துச் சாக்லேட்டுக்கு இலங்கையிலிருந்து போன கொக்கோவில் தும்பறையின் பங்கு பெரியது. நூறு ஆண்டு கழித்து உபாலி விஜேவர்தன ‘கண்டோஸ்’ என்ற பெயரில் செய்த சாக்லேட்டின் தொழிற்சாலை குண்டசாலையில் அமைந்தது. கொக்கோ விளைந்த மண்ணிலேயே சாக்லேட்டும் செய்யப்பட்டது என்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்காத அதிசயம். இங்கே விளைவதை வெளியே அனுப்பி, அங்கே செய்ததை வாங்கித் தின்பதுதானே நம் வழக்கம்.

தோட்டத்து மக்களின் கதை அவ்வளவு இனிப்பானதல்ல. 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலைகளை எண்ணிப் பிரித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அதிகம் அடிபட்டது நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பெருந்தோட்டங்களல்ல. கண்டி மாவட்டம் போன்ற நடுமலைப் பகுதிகளில், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த தோட்டங்கள். காணி துண்டாடப்பட்டது, வேலை போனது, பட்டினி வந்தது. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள், பலர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் இன்று திகன கடைத்தெருவிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். ரஜவெல்ல இந்துக் கல்லூரியில் படித்து மேலே வந்தவர்கள் பலர். டைட்லர் காலத்துத் தோட்டம் இருந்த ரஜவெல்லயில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரமாக, இப்போது கோல்ஃப் மைதானம் ஒன்றும் உண்டு. நாட்டிலேயே அழகானது என்கிறார்கள்; இருக்கலாம்.

குண்டசாலைத் தமிழரைப் பற்றிப் பேச்சு வந்தால் முரளியை விட்டுவிட முடியாது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பனார் நத்தரம்பொத்தவில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1977 கலவரத்தில் தங்கள் தொழிற்சாலை தாக்கப்பட்டதை முரளியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஐந்து வயது. குடும்பம் ஊரைவிட்டுப் போகாமல் அதே இடத்தில் மறுபடி எழுந்தது. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்டிலிருந்து அவர் ஓய்வுபெற்றார். அதே மாதம், பல்லேகலையின் புது மைதானத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று மத்திய மாகாண சபை முன்மொழிந்தது. டிசம்பர் முதலாம் திகதி அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. இன்றுவரை தொலைக்காட்சியில் வரும் பெயர் ‘பல்லேகலை சர்வதேசக் கிரிக்கெட் மைதானம்’தான். மாகாண சபையின் கண்ணுக்கெதிரே இருக்கும் மைதானத்துக்குப் பெயர் சூட்டும் அளவுக்குக்கூட மாகாண சபையின் வார்த்தைக்கு எடை இல்லை. முரளிக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. குறை யாருக்கு என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

சரி, வார்த்தைக்கு எடை உள்ளவர்கள் யார்? மைதானம் ஸ்ரீ லங்கா கிரிக்கெட்டின் கையில். சிறை சிறைச்சாலைகள் திணைக்களத்தின் கையில். கைத்தொழில் பூங்காவுக்குள் முதலீட்டுச் சபை வைத்ததே சட்டம். நீர்த்தேக்கமும் அதன் கரையும் மகாவலி அதிகார சபைக்கு. 1987இல் விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம் பிரகடனமானதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் பங்குண்டு. சுண்ணாம்புக்கல், டொலமைட் தோண்ட உரிமம் தருவது, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. விவசாயக் கல்லூரி – ஒருகாலத்தில் பெண்களுக்கான பண்ணைப் பள்ளியாக இருந்தது – விவசாயத் திணைக்களத்துக்கு. பிரதேச செயலாளர் மத்திய அரசின் அதிகாரி. அவருக்குக் காணி, பிறப்பு இறப்புப் பதிவு, நிவாரணம், ஓய்வூதியம். மிச்சம் எது? வடிகான், குப்பை, சந்தை, தெருவிளக்கு, மயானம், உள்வீதி. அது பிரதேச சபைக்கு.

சபையின் பணப்பையையும் பாருங்கள். கட்டடம் நெருங்கிய பகுதி என்று பிரகடனமான இடத்தில்தான் சபை சோலைவரி அறவிட முடியும். குண்டசாலையில் வீடு கட்டுகிறவர் வேகத்துக்கு எந்தப் பிரகடனம் ஈடுகொடுக்கும்? கண்டியில் ஒரு பேர்ச் காணி வாங்க முடியாத வைத்தியரும் விரிவுரையாளரும் வங்கி அலுவலரும் இருபது ஆண்டாக இங்கேதான் வீடு கட்டுகிறார்கள். நேற்றுவரை தென்னந்தோப்பாக இருந்த இடம் இன்று ‘லேண்ட் சேல்’ பலகை, நாளை முப்பது வீடு. வடிகால் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றுக்குத்தான்.

ஆறு என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1976இல் பொல்கொல்லவில் அணைக்கதவு போட்டு, மகாவலியின் பெரும்பங்கைச் சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெலைக்கும் அங்கிருந்து வறண்ட வலயத்துக்கும் திருப்பினார்கள். நெல்லுக்குத் தண்ணீர் போனது நல்லது. ஆனால் பொல்கொல்லவுக்குக் கீழே இருக்கும் குண்டசாலைக்கு வருவது மிச்ச நீர். அந்த மிச்சத்தோடு கண்டியின் அழுக்கும் சேர்ந்து வருகிறது: கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல நகரின் கழிவைச் சுமந்துகொண்டு கட்டம்பேயில் ஆற்றில் விழுகிறது, கட்டுகஸ்தோட்டைக்கு அருகே கொஹாகொட குப்பைமேட்டின் கசிநீரும் ஆற்றுக்கே. நல்ல தண்ணீர் சுரங்கத்துக்குள் ஒதுங்கிப்போக, மற்றது கீழே வரும். மேலே இருக்கும் மாநகர சபைக்குக் கீழே இருக்கும் பிரதேச சபை என்ன கடிதம் எழுத முடியும்? எழுதினால்தான் பதில் வருமா?

விக்டோரியா அணை வேறு கதை. பிரித்தானிய உதவியில் 1985இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட் மின்சாரம், நாட்டின் மிக உயரமான அணை. மூழ்கியது தும்பறையின் மிக நல்ல வயல்களும் பழைய தெல்தெனிய நகரமும். இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பங்கினர் மஹியங்கனைப் பக்கம் மகாவலி ‘சி’ வலயத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் மேட்டுநிலத்தில், சொந்த வயல் மூழ்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடியேறினார்கள். கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் தலைதூக்கும். கொழும்புப் பத்திரிகைகள் அப்போது படம் போடும். போட்டுவிட்டு மறந்துவிடும்.

2020 ஓகஸ்ட் இறுதியில் திகன, ஹாரகம, அம்பகோட்டை மக்கள் ஓர் இரவில் நிலம் உறுமுவதைக் கேட்டார்கள். செப்டெம்பரிலும் நவம்பரிலும் மறுபடி. சின்ன அதிர்வுகள்தாம்; ஆனாலும் சில வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சந்தேகம் முதலில் சுண்ணாம்புக்கல் குழிகள்மீது விழுந்தது, பிறகு நீர்த்தேக்கத்தின்மீது. அணைக்கு ஆபத்தில்லை என்று மகாவலி அதிகாரிகள் சொன்னார்கள், நிபுணர் குழுக்கள் வந்து போயின. வேடிக்கை என்னவென்றால், உலக நில அதிர்வு வலையமைப்பின் இலங்கை நிலையம் இருப்பது இதே பல்லேகலையில். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் கடல் அடி பிளந்ததைப் பதிவுசெய்த கருவி. உலகத்தின் மறுகோடியில் நடப்பது அந்தக் கருவிக்குத் தெரியும். நாலைந்து கிலோமீற்றர் தள்ளி வீட்டில் படுத்திருப்பவருக்கு, தன் கட்டிலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஓர் அலுவலகம் இல்லை. கல்குழிக்கு உரிமம் கொடுக்கும்போது அந்த ஊர்க்காரரிடம் யார் கேட்டார்கள்?

2018 மார்ச் பற்றி எழுதாமல் திகனவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அதைச் சாட்டாக வைத்து முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் திகனவில் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். கெங்கல்ல, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று பரவியது. 6ஆம் திகதி நாடு முழுக்க அவசரகாலச் சட்டம், மறுநாளிலிருந்து சமூக ஊடகத் தடை. வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கூட்டம் வெளியூரிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. வெளியூர்க்காரருக்குக் கடை எது, வீடு எது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்போரும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கும். இங்கே நான் சொல்ல வருவது வேறு. திகன பொறியியலாளர் வரைபடத்தில் பிறந்த ஊர். பல இடத்துச் சிங்களவர், தோட்டத் தமிழர், கடை வைத்த முஸ்லிம்கள் எல்லாரையும் நாற்பது ஆண்டுக்குள் ஒரு சந்தியில் சேர்த்தார்கள். வீதியும் கடையும் கட்டிக் கொடுத்தவர்கள், எல்லாரும் உட்கார்ந்து பேச ஒரு நகர மண்டபம் கட்டவில்லை. எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசும் உரிமையுள்ள ஒரு நகரபிதாவையும் கொடுக்கவில்லை. அதனால்தான் தீ வைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். தீ வைக்க வந்தவர்களுக்கு முன்னால் நின்று பேச ஊருக்கென்று ஒருவர் இல்லை என்பது மட்டும் உண்மை.

இத்தனைக்கும் இந்த மண்ணில் எதுவும் குறைவில்லை. நத்தரம்பொத்தவில் உள்ள கலாபுர கைவினைக் கிராமத்தில் பித்தளையிலும் வெள்ளியிலும் குத்துவிளக்கும் தட்டும் செய்யும் குடும்பங்கள் அரசர் காலத்துத் தொழிலைத் தொடர்கின்றன. தும்பறைப் பாய் நெய்யும் கின்னர சமூகத்தின் ஊரான ஹேனவலவும் இந்தப் பக்கம்தான். 2021இல் யுனெஸ்கோ அந்த நெசவை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ‘ஹண’ செடியின் நீண்ட இலையைப் பலகையில் கிடத்தி, சதையை வழித்து வழித்து நாரெடுக்கிறார்கள். வழிக்கும்போது வரும் பச்சை நாற்றம் கையை விட்டுப் போக நாளாகும். சிவப்புக்குப் பதிமுகம், மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காய். நிலத்தோடு கிடக்கும் தறியில் யானையும் மானும் அன்னமும் கட்டம் கட்டமாக எழும். சாதியின் பேரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் கைவேலை இன்று ஐந்து நட்சத்திர ஹோட்டல்களின் சுவரில் தொங்குகிறது. பாயை நெய்தவர் கையில் சேரும் பணத்துக்கும் கண்டிக் கடையில் அதற்கு ஒட்டிய விலைக்கும் உள்ள தூரம், கண்டிக்கும் கொழும்புக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு விற்பனைக்கூடம் கட்டலாமே என்றால், எந்தக் காணியில், யாருடைய அனுமதியில் என்று மறுபடி அதே அலுவலகங்களின் வரிசை.

நிருவாகப் பிரிவு என்பதே மேலிருந்து வரையும் கோடுதான். இலங்கைக்கு மட்டும் உரிய நோயல்ல. 1920களில் சோவியத் அரசு, ஜார் காலத்து ‘வோலஸ்த்’, ‘உயெஸ்த்’ பிரிவுகளைக் கலைத்து ‘ரயோன்’ என்ற மாவட்டங்களை வரைந்தபோது, எந்த ஊர் எதில் சேரும் என்று உழவரைக் கேட்டு வரையவில்லை. தானியம் சேர்க்கவும் கட்சி நடத்தவும் வசதியாக வரைந்தார்கள். நம்மிடமும் அப்படித்தான். ரட்டே மஹத்மயா போய் வருமான உத்தியோகத்தர், 1963இல் விதானையார் போய் கிராம சேவகர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரதேச செயலாளர். நாற்காலியின் பெயர் மாறியது. அதற்கு உத்தரவு வரும் திசை மாறவில்லை.

மக்கள் தெரிவுசெய்த சபைகளின் கதி இன்னும் மோசம். பல்லேகலையில் மாகாண சபைக்கு அழகான கட்டடம் இருக்கிறது. கடைசித் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது, சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சி. பிரதேச சபையும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளரின் பொறுப்பில் கிடந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் குண்டசாலை மக்களுக்கு ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லை.

குண்டசாலை–பல்லேகலை–திகன வீதியோரப் பட்டையைத் தனி நகர சபையாக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் வயல் கிராமங்களைப் பிரதேச சபையிடமே விட்டுவிடலாம். நகர சபை வந்தால் வரி கூடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, பயம் நியாயமானதுதான். ஆனால் வெள்ளம் வாசலுக்கு வந்தபிறகு மணல் மூட்டைக்குக் கொடுக்கும் காசு வரிக்கணக்கில் சேர்வதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். கண்டி மாநகர எல்லையை இங்கே வரைக்கும் நீட்டிவிடலாம் என்று ஒரு யோசனையும் அவ்வப்போது எழும். அதற்கு நான் எதிர். கொல்லைப்புறத்தை வீட்டோடு சேர்த்துச் சுவர் கட்டினால் அது கொல்லைப்புறமாகவே இருக்கும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியங்களும் இருக்கின்றன. பிரதேச ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று எல்லாப் பிரிவிலும் கூடுகிறது. பாராளுமன்ற உறுப்பினர் தலைமை தாங்குவார், அதிகாரிகள் அறிக்கை வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் புவிச்சரிதவியல் பணியகம், மகாவலி அதிகார சபை, முதலீட்டுச் சபை, கண்டி மாநகர சபை ஆகிய நான்கும் கட்டாயம் ஆளனுப்ப வேண்டும். இந்தப் பிரிவுக்குள் எந்தெந்தக் கல்குழிக்கு எத்தனை ஆண்டு உரிமம் இருக்கிறது, கொஹாகொடவிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு கசிகிறது, நீர்த்தேக்கக் கரையில் எந்தக் காணி யாருக்குக் குத்தகைக்குப் போனது என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே வைத்து, சிங்களத்திலும் தமிழிலும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டதால் ‘கொடுக்க முடியாது’ என்று சொல்ல வழியில்லை. குண்டசாலைப் பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவானவர்கள் முதல் வேலையாக இந்த விண்ணப்பத்தைத் தாங்களே எழுதிப் போடலாம். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது.